உப்பு படியாத ஓட்டை

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வந்து சேர்வதற்குள் மதாரின் முதுகெலும்பு அக்குவேறு ஆணிவேறாகக் கழன்றிருந்தது. ராமலெட்சுமியின் ஸ்கூட்டருக்கு ஸ்பிரிங் என்று ஒன்று இருந்தது வாஸ்தவம்தான். அது எந்தக் காலத்தில் என்பதுதான் யாருக்கும் நினைவில்லை.

"அக்கா, இந்தக் கேஸ் முடிஞ்சா முதல்ல வண்டிக்கு ஸ்பிரிங் மாத்துங்க. இல்லாட்டி எனக்கு மாத்துங்க."

"ஏலே, வாயை மூடிட்டு இறங்கு. உள்ள ஒரு புள்ளைக்கு மானம் போகுது. உனக்கு முதுகு போகுதாக்கும்."

ராமலெட்சுமி பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் படகு சர்வே பார்த்தவள். தானாக மூழ்கிய படகு எது, மூழ்கடிக்கப்பட்ட படகு எது, கரையில் நின்றுகொண்டே மூழ்கிய படகு எது என்று பலகையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே மேலதிகாரிகளுக்கு ஆகாதவளாகி, அரண்மனைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டாள். மதார் கீழே அந்தக் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் மாடிக்குப் பார்சல் கொடுக்க வந்து, பேசிய பேச்சில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கடைக்காரர் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார் என்று கேள்வி.

இந்தக் கேஸ் காலையில் போனில் வந்தது. பேசியவர் நெய்னா முகம்மது, மண்டபத்தில் 'பவளப்பாறை ஸ்டூடியோ' முதலாளி. புதன்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நாகூர் தர்காவுக்குப் போனவர், அங்கிருந்தபடியே கத்தினார். "என் கடையில படம் திருடு போச்சும்மா! கல்யாணப் படம், அதுவும் பொம்பளைங்க பக்கத்துப் படம்! நீங்க போய்ப் பாருங்க, நான் நாளைக்கு வாரேன்."

ஸ்டூடியோ வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்பு பர்தாவோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மணப்பெண் மாஷிதாவின் தாயார் மலிகா. ஒரு சப் இன்ஸ்பெக்டர் உட்காரும் தோரணையை மதார் அந்த நாற்காலியில் கண்டான்.

"நீங்கதான் துப்பறியிற ஆளா? நல்லாத் துப்பறிங்க," என்றார் மலிகா. "கல்யாண வீட்டுல எங்க பொம்பளையாளுக தலையைத் திறந்து போட்டுக்கிட்டு நின்ன படம்மா அது. ஆம்பளை கண்ணுல படக் கூடாதுன்னுதானே இந்த அம்ரீன் புள்ளையை நம்பி உள்ள விட்டோம்? இப்ப எவன் போன்ல கிடக்குதோ! சம்பந்தி வீட்டுல கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல? சாயங்கால அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள படம் கைக்கு வரணும். வரலைன்னா ஜமாத்துல போய்ச் சொல்லிருவேன். அப்புறம் இந்தக் கரையில எந்த வீட்டுப் பொம்பளையும் இவளைக் கேமராவோட வாசப்படி ஏத்த மாட்டா."

சொல்லிவிட்டு மத்தியானத் தொழுகைக்கு வீட்டுக்குப் போனார். போகிற வேகத்தில் நாற்காலி தானாக ஒரு சுற்றுச் சுற்றியது.

உள்ளே திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை. அங்கே அம்ரீன் நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் பக்கத்துப் படம் எடுக்க அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே பெண். அழுது முடித்து, அடுத்த கட்டமான கோபத்துக்கு வந்திருந்தாள். எதிரே, ஆண்கள் பக்கத்துப் படம் எடுக்கும் ஃபஹத் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தாடியை அவ்வளவு அளவெடுத்து வெட்டியிருந்த ஒருவனை மதார் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவில் மேசைமேல் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

"நடந்ததைச் சொல்லு தாயி," என்றாள் ராமலெட்சுமி.

அம்ரீன் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு எந்த சிஸ்டம் போடுவது என்று கடையில் ஒரு மாசமாகச் சண்டை. ஃபஹத் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸே இருக்கட்டும் என்கிறான். அம்ரீன் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போதும் என்கிறாள். நெய்னா முகம்மதுவோ, இருப்பதைக் கலைக்காமல் லினக்ஸையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம் என்றார். அம்ரீனின் அண்ணன் அப்துல் ஹாதி கப்பலில் வேலை பார்ப்பவன். லீவில் வந்தவன், கடைக்கு வந்து அரை மணி நேரத்தில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டான்.

"'நீ எதையும் நோண்டாதே, சுவிட்சைப் போட்டா வரும்'னு சொல்லிட்டுப் போனான். வந்துச்சு. பாஸ்வேர்டு போட்டு, மாஷிதா கல்யாணப் படம் பூராவையும் அதுலதான் வச்சேன். அடுத்த வீட்டு மருதாணி விசேஷத்துக்கு வேணும்னு கேமரா கார்டைக் காலி பண்ணிட்டேன். வியாழக்கிழமை காலையில வந்து சுவிட்சைப் போட்டா லினக்ஸும் இல்ல, படமும் இல்ல. பழைய விண்டோஸ் வந்து நிக்குது."

"உங்க அண்ணனைக் கேட்டியா?"

"நடுக்கடல்ல இருக்கான். வாட்ஸ்அப்புல போட்டா ஒரு டிக்குக்கு மேல விழ மாட்டேங்குது."

ஃபஹத் தொண்டையைச் செருமினான். "மேடம், நான் ஒண்ணு சொல்றேன். சும்மா கிடைக்கிற சாமானுக்கு யார் கேரண்டி? சொல்லாம வரும், சொல்லாமப் போகும். காசு கொடுத்து வாங்கின ஒரிஜினலோட நின்னிருந்தா இந்த வம்பு உண்டா?"

ராமலெட்சுமி மதாரைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் விவகாரம் என்றால் அவள் அவனைப் பார்ப்பாள். அவனுக்குத் தெரியும் என்பதால் இல்லை, தெரியாததையும் விளக்குவான் என்பதால்.

"ரொம்பச் சுலபம்க்கா. விண்டோஸுங்கிறது மெஸ். காசு கொடுத்தா இலை போடுவான். மசாலாவுல என்ன போட்டேன்னு கேட்டா சொல்ல மாட்டான். லினக்ஸுங்கிறது தர்காவுல போடுற கந்தூரிச் சோறு. யார் வேணாலும் சாப்பிடலாம். உப்புப் பத்தலைன்னா நீங்களே அடுப்புக்கிட்ட போயி அள்ளிப் போட்டுக்கலாம்."

"எது ருசி?"

"பசியைப் பொறுத்தது."

ராமலெட்சுமி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கல்யாண மொய்க் கவரில் இருக்குமே, அந்த ரகம். சுற்றிலும் ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைத்திருக்கும் திரையில் அது மட்டும் சம்பந்தமில்லாமல் பூத்திருந்தது.

"இந்தப் பூ யார் வச்சது?"

"சும்மா அழகுக்கு," என்றான் ஃபஹத் அவசரமாக.

"அழகுக்குன்னா நடுவுல வைப்பாங்க, இல்ல மேல வைப்பாங்க. அழுக்கை மறைக்கத்தான் மூலையில வைப்பாங்க." நகத்தால் உரித்தாள். ரோஜாவுக்கு அடியில், திரையில் மங்கலாக இரண்டு வரி தெரிந்தது. இந்தப் பிரதி இன்னும் பதிவு செய்யப்படவில்லை, பதிவு செய்யுங்கள் என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை மாசமாகக் கேட்கிறதோ பாவம்.

மதாருக்கு வாயெல்லாம் பல். "அக்கா, இவன் மெஸ்ஸும் இல்ல, கந்தூரியும் இல்ல. மெஸ்ஸுக்குப் பின்வாசல் வழியாப் போயி சாப்பிட்டுட்டு, முன்வாசல்ல நின்னு ஏப்பம் விடுற ஆளு!"

அளவெடுத்த தாடிக்குள் ஃபஹத்தின் முகம் வெளுத்தது. முதலாளியிடம் ஒரிஜினல் என்று சொல்லித்தான் அதைப் போட்டிருந்தான். லினக்ஸ் வந்தால், எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

"திருட்டு சிஸ்டம் போட்டது நீ. லினக்ஸ் வந்தா மாட்டிக்கிறது நீ. அப்ப அதை அழிச்சது யாருன்னு நான் மந்திரிச்சுப் பார்க்கணுமா?" என்றாள் அம்ரீன். "என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா!"

"அல்லா மேல ஆணை லாத்தா!" ஃபஹத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "பூ ஒட்டினது நான்தான். ஒரிஜினல்னு பொய் சொன்னதும் நான்தான். ஆனா உங்க லினக்ஸை நான் அழிக்கல. அழிக்கணும்னா அது முதல்ல என் கண்ணுல படணும்ல? நீங்க அஸருக்குப் போயிருவீங்க. நான் பொழுதடைஞ்சு மஃரிபுக்கு அப்புறம் வந்து இதே மிஷின்ல உட்காருறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட அந்த லினக்ஸை நான் பார்த்ததே இல்ல. எப்பப் போட்டாலும் என் விண்டோஸ்தான் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும். நீங்கதான் சாயங்காலமானா அதை எடுத்துட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்."

"நான் எங்கடா எடுத்தேன்? காலையில வந்தா எனக்கு லினக்ஸ்தானே வரும்!"

பகலில் ஒரு முகம், ராத்திரியில் ஒரு முகம். மதாருக்கு முதுகில் இருந்த வலி போய் அங்கே சில்லென்று ஏதோ ஏறியது.

"அக்கா, மிஷினுக்குப் பாத்திஹா ஓதி சாம்பிராணி போட்டுருவோமா?"

"சும்மா இரு." ராமலெட்சுமியின் கண் சுருங்கியது. "அம்ரீன், வியாழக்கிழமைக்கு முன்னாடி எப்பவாச்சும் காலையில இப்படி விண்டோஸ் வந்துருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அம்ரீன் யோசித்தாள். "ஒரு நாள் வந்துச்சு. நெய்னா மாமா உத்தரகோசமங்கைக்கு ஒரு காதுகுத்துப் படம் எடுக்க விடியக்காலையிலே போயிட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் விண்டோஸ்தான். கரண்டு கோளாறுன்னு நினைச்சேன். மாமா வந்து கொஞ்ச நேரத்துல அணைச்சுப் போட்டேன், சரியாயிருச்சு."

"மாமா வந்ததும் சரியாயிருச்சு," என்று ராமலெட்சுமி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இப்ப மாமா புதன்கிழமை போனாரு, வியாழக்கிழமையில இருந்து சரியில்ல. மதாரு, டார்ச்சை அடி. அந்தப் பெட்டியோட பின்பக்கத்தைத் திருப்பு."

கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் எப்படியிருந்தாலும், பின்பக்கம் பார்க்கச் சகிக்காது. அந்தப் பெட்டியிலும் திருகாணி, தகரம் எல்லாம் உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தன. ஒயர் சொருகும் ஓட்டைகளில் சும்மா கிடந்தவை எல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தன.

"என்ன தெரியுது?"

"கருவாட்டுக் கடை மாதிரி தெரியுதுக்கா."

"கண்ணைத் திறந்து பாரு. எல்லாத்துலயும் உப்புப் படிஞ்சிருக்கு. இந்த ஒரே ஒரு ஓட்டையில மட்டும் ஏன் படியல?"

மதார் குனிந்தான். உண்மைதான். பென் டிரைவ் சொருகும் ஒரு ஓட்டை மட்டும் புத்தம் புதுசாய்ப் பளபளத்தது. ஒயர் எதுவும் அதில் இல்லை. சும்மா கிடக்கும் ஓட்டை, ஆனால் சும்மா கிடந்ததாகத் தெரியவில்லை.

"தினமும் புழங்குற கதவுக் கீல்ல துரு ஏறாது," என்றாள் ராமலெட்சுமி. "இதுல எவனோ தினமும் எதையோ சொருகுறான், உருவுறான். ஃபஹத், உங்க முதலாளி ஸ்டூடியோ வைக்கிறதுக்கு முன்னாடி என்ன தொழில் பண்ணாரு?"

"விசைப்படகு ஓட்டுனாரு மேடம். அதை வித்துட்டுத்தான் இதைப் போட்டாரு."

ராமலெட்சுமி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, போனை எடுத்து நாகூருக்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நெய்னா பாய், ஒரே ஒரு கேள்வி. சாயங்காலம் அம்ரீன் போனதும் கம்ப்யூட்டர் பின்னாடியிருந்து எதையாச்சும் கழட்டுவீங்களா?"

"பின்ன கழட்டாம?" நாகூரிலிருந்து கம்பீரமாகப் பதில் வந்தது. "இத்தனை வருஷம் கடல்ல கிடந்தவன்மா நானு. படகைக் கட்டிப் போட்டா ஜிபிஎஸ்ஸையும் பேட்டரியையும் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போகாம எவனாச்சும் போவானா? விட்டுட்டுப் போனா விடியும்போது படகு மட்டும்தான் மிதக்கும். அந்த அப்துல் ஹாதிப் பய பின்னாடி நகம் பெரிசுக்கு ஒண்ணைச் சொருகிட்டு, 'இது இருந்தாத்தான் ஓடும் மாமா'ன்னு சொன்னான். சரின்னு தினமும் அஸருக்குக் கழட்டிருவேன், காலையில வந்து மாட்டிருவேன்."

அம்ரீன் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நகத்துக்குள்ளதான் பாய் லினக்ஸ் இருக்கு," என்றாள் ராமலெட்சுமி. "கல்யாணப் படம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. பெட்டியைக் கலைக்காம ஓட்டிப் பார்க்கணும்னு நீங்க சொன்னீங்கல்ல? அந்தப் பையன் தனியா ஒரு பென் டிரைவுல போட்டுச் சொருகிட்டுப் போயிருக்கான். அது இருந்தா லினக்ஸ் வரும். இல்லாட்டிப் பெட்டியில இருக்கிற பழைய விண்டோஸ் வரும். உங்க கடையில திருடன் வரவே இல்ல. திருடன் நாகூருக்குப் போயிருக்கான்."



"நான் கழட்டினப்புறமும் ராத்திரி மிஷின் ஓடுதுன்னு ஃபஹத் சொன்னானேம்மா," என்றார் நெய்னா முகம்மது, சுருதி இறங்கி. "அது இல்லாமலே ஓடுதுன்னா, அது தேவையில்லாத சாமான் போலன்னு மாட்டாமலே ஊருக்குக் கிளம்பிட்டேன்."

"இப்ப அது எங்க மாமா?" அம்ரீன் போனைப் பார்த்துக் கத்தினாள். "நாகூர்லயா?"

"இல்ல புள்ள, வீட்டுலதான். ஜிபிஎஸ்ஸை வைக்கிற இடத்துலதான் வச்சேன். அரிசி டிரம்முல."

"அரிசியிலயா?"

"நனைஞ்ச போனை அரிசிக்குள்ள வைக்கிறதில்லையா? கடல் ஈரம் எடுக்கணும்ல?"

மதார் வாசலுக்கு ஓடி, அடுத்த தெருவிலிருந்த நெய்னா முகம்மது வீட்டுக்குப் பறந்தான். அவர் மனைவி சுலைகா, விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார். மத்தியானச் சோற்றுக்கு அந்த டிரம்மிலிருந்துதான் அரிசி அள்ளி உலையில் போட்டிருந்தார். மதாருக்கு உயிர் போய் வந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் மொத்தப் பேரும் சோற்றோடு சோறாக வெந்துவிட்டார்களா என்ன? வடித்த சோற்றை ஒரு பக்கம் கிளறினார்கள். மிச்ச அரிசியைப் பாயில் கொட்டிச் சுலைகா முறத்தில் அள்ளி அள்ளிப் புடைத்தார். கடைசி முறத்தில், அரிசிக்கும் உமிக்கும் நடுவே, கறுப்பாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது.

"இதுக்குப் போயா இத்தனை கூத்து?" என்றார் சுலைகா, அதைக் கழுவப் போனவராக.

"கழுவாதீங்க லாத்தா!" மதார் அதைப் பறித்துக்கொண்டு ஓடினான்.

அவன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியதும் ஒன்றாக நடந்தன. மலிகா ஏற்கெனவே வந்து அம்ரீனுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். அம்ரீன் யாரையும் பார்க்காமல் அந்தத் துண்டை வாங்கி, பளபளத்த ஓட்டையில் சொருகி, சுவிட்சை அணைத்துப் போட்டாள். திரை கறுத்தது. பிறகு வேறு ஒரு முகம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் சுவரைப் பாருங்க," என்றாள் ராமலெட்சுமி.

மதாரும் ஃபஹத்தும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஒரு கேஸின் உச்சக்கட்டத்தில் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே உதவியாளன் தானாகத்தான் இருப்பான் என்று மதாருக்குத் தோன்றியது. முதுகுக்குப் பின்னால் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அம்ரீன் பெரிசாக மூச்சை விடும் சத்தம்.

"இருக்கு," என்றாள் அவள். "எல்லாம் இருக்கு."

மலிகா ஒவ்வொரு படமாகப் பார்த்தார் போலும். "இது மாஷிதா... இது ரம்ஜான் பீவி, பாரு, பல்லு கட்டாம வந்து நிக்கிறா... இது..." அதோடு பேச்சு நின்றுவிட்டது. மதார் காதைத் தீட்டிக்கொண்டான்.

"இதை எப்பப் புள்ள எடுத்தே?" மலிகாவின் குரல் அந்த அதிகாரமெல்லாம் போய்ச் சின்னதாக வந்தது.

"மாஷிதாவை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது நீங்க மட்டும் வாசலுக்கு வரல. அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதீங்க. அப்ப எடுத்தேன். வேணாம்னா அழிச்சிடுறேன்."

"யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அழிக்காதே. முதல் பக்கத்துல போடு. ஜமாத்துல சொல்லிருவேன்னு உன்னை மிரட்டின வாய் இது. மனசுல வச்சுக்காதே புள்ள."

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது வெடித்து, அம்ரீன் தேம்பித் தேம்பி அழுதாள். மதாருக்குப் பக்கத்தில் ஃபஹத் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

மேசைமேல் இருந்த போன் இன்னும் நாகூரோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. "கிடைச்சிருச்சா? அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் நெய்னா முகம்மது. "எதுக்கு வம்பு? ஃபஹத் சொன்ன மாதிரி காசு கொடுத்து வாங்கினதே இருந்துட்டுப் போகட்டும். சும்மா கிடைக்கிறதுல ஏதாச்சும் கோளாறு இருக்கத்தான் செய்யும்."

"கோளாறு அதுல இல்ல மாமா," என்றாள் அம்ரீன், அழுகையோடே. "உங்க கையில."

"கேளுங்க நெய்னா காக்கா," மலிகா போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், பழைய குரலும் கூடவே வந்துவிட்டது. "காசு கொடுத்ததோ சும்மா கிடைச்சதோ எனக்குத் தெரியாது. இத்தனை நாளு இத்தனை ஆம்பளைங்க இந்த மிஷின்ல உட்கார்ந்து எந்திரிச்சும் எங்க படம் ஒருத்தன் கண்ணுலயும் படல. அது எதுல இருந்துச்சோ அதுதான் இந்தக் கடையில இருக்கணும். இல்லைன்னா எங்க குடும்பத்துல ஒரு விசேஷம் உங்களுக்குக் கிடையாது. ஆம்பளைங்க பக்கத்துக்கு நீங்க என்ன கழுதையை வேணாலும் வாங்கிக் கட்டுங்க."

"நீ சொன்னா சரிதாம்மா," என்று நாகூர் சரணடைந்தது. "ஆனா ஒண்ணு, சாயங்காலம் அதைக் கழட்டி பத்திரமா..."

மலிகா போனை அணைத்தார். அம்ரீன் கம்ப்யூட்டரை அணைத்தாள். திரும்பலாம் என்று ராமலெட்சுமி சொன்னதும் மதார் திரும்பினான்.

மலிகா பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கறுப்புத் துண்டை உருவினார். அம்ரீனின் துப்பட்டா முனையை இழுத்து, அதை நடுவில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, முடிச்சை அம்ரீனின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு ஃபஹத்தையும் மதாரையும், அணைந்துபோன போனையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இனி எவன் கழட்டுறான்னு பார்ப்போம்."